எட்டுக் காம்பராவில் இரண்டு காலி

1. துரை போட்ட நிபந்தனை

தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்ட ஆபீஸில் நான் கம்பியூட்டர் ஒப்பரேட்டராக இருந்தேன். பேர்தான் பெரிது. வேலை நிரந்தரமில்லை. இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகு ஒருநாள் தோட்ட மேனேஜர் துரை கூப்பிட்டு, விஷயத்தை நேராகச் சொன்னார்.

"மூணு பெக்டரி கம்பியூட்டரையும் ஒண்ணா இணைக்கப் போறோம். நெட்வேர்க் சோதனை ஒண்ணு இருக்கு, அதுல பாஸ் பண்ணு. அந்த வேலை ஒனக்கு. ஸ்டாப் கிரேட், குடியிருக்கத் தனி குவாட்டஸும் உண்டு. பெயிலானா கொழும்புலருந்து ஆள் வருவான்."

குவாட்டஸ் என்ற சொல்லுக்குப் பிறகு அவர் பேசியது எதுவும் என் காதில் விழவில்லை. எங்கள் லயம் ஒரு நீள வரிசை வீடு, அதில் குடும்பத்துக்கு ஓர் அறையாக எட்டுக் காம்பரா. ஆறாவது காம்பராவில் அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், நான், என் மனைவி விஜயா. கல்யாணமாகி ஒரு வருஷம். எங்கள் பக்கத்தைப் பிரித்தது ஒரு பழைய சேலை.

2. கேபிள் மேல் பழி

ஹட்டனில் ஆறு மாத ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. சொல்லிக் கொடுத்த சேர் யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட இளையவர், பொறுமைசாலி. அந்தப் பொறுமைக்குச் சோதனையாக நான் போய்ச் சேர்ந்தேன்.

நெட்வேர்க்கில் ஒவ்வொரு கம்பியூட்டருக்கும் ஓர் எண் முகவரி வேண்டும். முகவரிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரிப்பார்கள். ஒரு கூட்டத்தின் முதல் எண் அந்தக் கூட்டத்துக்கே பெயர். கடைசி எண், எல்லாரையும் ஒரே நேரத்தில் கூப்பிட. இந்த இரண்டையும் எந்த மெஷினுக்கும் கொடுக்கக் கூடாது. எட்டு முகவரி இருந்தால் ஆறு மெஷின்தான். பாடம் இவ்வளவுதான். இதுதான் எனக்கு ஏறவில்லை.

செய்முறையில் கடைசி எண்ணை ஒரு மெஷினுக்குக் கொடுத்தேன். எச்சரிக்கைப் பெட்டி வந்தது. இங்கிலீஷில் பெட்டி வந்தால் படிக்காமல் ஓகே அழுத்துவது அன்று எங்கள் எல்லாருடைய வழக்கம். அழுத்திவிட்டு, கேபிளில்தான் பிழை என்று முடிவு கட்டி, நுனியை வெட்டிப் புதுக் கிளிப் அடித்தேன். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. கேபிள் ஒரு முழம் குறைந்ததுதான் மிச்சம்.

சேர் வந்து எட்டிப் பார்த்தார். "இஞ்ச பாருங்கோ, திரும்பவும் எட்டாவதையும் குடுத்திட்டியள். கேபிள் பாவம், அது என்ன செய்தது?"

வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, பயமும் வந்தது. பரீட்சைக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

3. பீலியடி வகுப்பு

காம்பராவில் இருந்து படிக்க முடியாது. மலைத்தண்ணீர் வந்து விழும் பீலியடியில் விஜயா துணி துவைப்பாள், நான் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்திருப்பேன். கொப்பியை அவளுக்குத் தெரிகிறமாதிரி விரித்து வைத்தால், அவள் கேள்வி கேட்பாள். கொழுந்தெடுக்கும் வேலைக்குப் போகிறவள், கம்பியூட்டரைத் தொட்டதே இல்லை. ஆனால் சோதனை மேற்பார்வையாளரைவிடக் கண்டிப்பு.

"எட்டு முகவரி இருக்கு. எத்தன மெஷினுக்குக் குடுக்கலாம்?"

"எட்டு."

"கொப்பியில ஆறுன்னு போட்டிருக்குங்க."

"ரெண்ட எதுக்குப் புள்ள சும்மா போடணும்? லயத்துல ரெண்டு காம்பரா காலியா கெடந்தா விட்டு வைப்பாங்களா? விடியறதுக்குள்ள நாலு குடும்பம் பூந்துராது?"

அப்போதுதான் என் பிழை எனக்கே விளங்கியது. எண்ணைப் பார்க்கிறபோதெல்லாம் நான் காம்பராவைத்தான் பார்த்திருக்கிறேன். ஒரு காம்பராவில் எட்டுப் பேரில் ஒருவனாக நெருக்கியடித்துக்கொண்டு கிடப்பவனிடம் இரண்டைக் காலியாக விடு என்றால் மனசு எப்படி வரும்?

விஜயா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சேலையை முறுக்கிப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "ஒங்க மனசு ஒத்துக்கலேன்னா போகட்டும். கை மட்டும் ரெண்டக் கழிக்கட்டும். அங்க போயி ஞாயம் பேசாதீங்க."

4. கொழும்பு போய் வந்தது

பரீட்சை கொழும்பில், கம்பியூட்டரிலேயே நடந்தது. ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பிப் போக வழியில்லை. பதினாறு முகவரி, எத்தனை மெஷின் என்று வந்தது. மனசு பதினாறு என்றது. ஞாயம் பேசாமல் பதினான்கை அழுத்தினேன். முடிந்தவுடன் திரையில் முடிவு வந்தது. மயிரிழையில் பாஸ்.

ரயிலில் ஊர் வந்து, நேரே கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு, மடுவத்துக்குப் போனேன். விஜயா வரிசையில் நின்றாள். "பாஸ்" என்றேன். அவள் கொழுந்துச் சாக்கைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். எத்தனை புள்ளி என்று கேட்கவில்லை, சம்பளம் எவ்வளவு என்றும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற அண்ணிக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள்.

"குவாட்டஸ் கதவுக்கு உள்பக்கம் தாப்பா இருக்குமாங்க?"

 ஒன்றரை வருஷமாக அவள் இதை ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது.

இன்று நெட்வேர்க் சான்றிதழுக்குப் படிக்கும் பிள்ளைகள் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். கணக்கையெல்லாம் புத்தகம் சொல்லும், நான் சொல்வது ஒன்றுதான். பாஸானால் என்ன வேண்டும் என்று வீட்டில் இருப்பவளிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள். நான் அது தெரியாமலே ஆறு மாதம் படித்தேன். தெரிந்திருந்தால் மூன்று மாதத்தில் பாஸாகியிருப்பேன்.