வலப்பக்கச் சுவர்

ஸ்டூடியோக்காரம்மாவிடம் எந்த அளவு கேட்டாலும் கிடைக்கும். கதவின் பின்பக்கத்துக்கு, ஃபிரிட்ஜ் கதவுக்கு, இரண்டு ஜன்னல்களுக்கு நடுவில் மிஞ்சிய துண்டுச் சுவருக்கு. ஜனங்கள் போனில் ஒரு குவியல் படத்தை அனுப்பிவிட்டு, "ஒண்ணையும் விடாம சேர்த்துடுங்க" என்பார்கள். அவள் கம்ப்யூட்டரில் அங்குலக் கணக்கில் ஒரு வெள்ளைத் தாளைத் திறந்து, ஓரத்தில் வெட்டுக்கு இடம் விட்டு, ஒவ்வொரு முகத்தையும் அதற்கான கட்டத்தில் உட்கார வைப்பாள். பிரிண்ட் போட்டு வெட்டும்போது யாருடைய காதும் போகக் கூடாது, அவ்வளவுதான் தன் தொழில் என்பாள். புருஷன் படம் எடுப்பார், இவள் சேர்ப்பாள். கடை அப்படித்தான் ஓடியது.

அவருக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு மட்டும் பழையபடி இருந்தது. பகலில் பார்த்துக்கொள்ள என்னை வைத்தார்கள்.

முதல் நாள் சாப்பாட்டிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. தட்டின் வலது பாதியைக் காலி செய்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார். தட்டைத் திருப்பி வைத்தேன். "இது எங்கேருந்து வந்துச்சு?" என்று மிச்சத்தையும் சாப்பிட்டார். மூளையின் வலப்பக்கம் அடிபட்ட சிலருக்கு இப்படி ஆகும். கண் கெடவில்லை. இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவர்கள் மனதில் இருக்காது.

அந்த அறையில் கட்டிலை ஒரே விதமாகத்தான் போட முடிந்தது. வலப்பக்கம் ஒரு ஆள் ஒருக்களித்து நிற்கும் சந்து, அதை ஒட்டிச் சுவர். பிளக் இருந்தது இடப்பக்கம். கடையைப் பூட்டிவிட்டுக் கம்ப்யூட்டரை அங்கேதான் கொண்டுவந்து வைத்திருந்தாள். கையை நீட்டினால் அவரைத் தொடலாம்.

அவர் என்னிடம் சொல்வார்: "நர்சம்மா, என் பொண்டாட்டி போயிட்டா. நான் படுத்ததும் நைசா கழண்டுக்கிட்டா."

"இந்தா இருக்கேன்யா! தொண்டை கிழியக் கத்துறேன், காதுல விழலையா?"

"குரல் மட்டும் கேக்குது. போன்ல பேசுறா போல."

அவள் எழுந்து சந்துக்குள் போய் நின்றால், "வந்துட்டியா மகாராணி? இவ்வளவு நேரம் எங்கே சுத்தினே?" என்பார். வேலைக்குத் திரும்பினால் மறுபடியும் போய்விட்டவள்தான். பார்க்க வந்த தங்கையிடமும் இதையே சொன்னார். அவள் அண்ணியை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

"அடுத்த பக்கவாதம் எப்ப வேணா வரலாம்னு டாக்டர் சொல்லிட்டார்" என்றாள் ஸ்டூடியோக்காரம்மா. "நான் விட்டுட்டுப் போனவள்னு நெனச்சுக்கிட்டே இவர் கண்ணை மூடிடக் கூடாதும்மா. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

முதலில் வலப்பக்கச் சுவரில் ஒரு கண்ணாடி மாட்டிப் பார்த்தேன். இடப்பக்கம் இருக்கும் அவள் அதில் தெரிந்தாள். அவர் கண்ணாடிக்குள்ளேயே கையை விட்டு அவளைப் பிடிக்கப் பார்த்தார். விரல் முட்டியதும் அழுதார். கழற்றிவிட்டேன்.

"அப்போ நான் படம் செய்யறேன்" என்றாள்.

அதே வலப்பக்கச் சுவரில் ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவே இருந்த இடத்தை அளந்தாள். பதினெட்டு அங்குலம் அகலம், நாற்பது உயரம். பழைய படங்களை எல்லாம் ஸ்கேன் செய்து, கிட்டத்திலிருந்து பார்த்தாலும் முகம் கலங்காத மாதிரி பிரிண்ட் போட்டு ஒட்டினாள்.

அவர் மேலிருந்து கீழே பார்த்தார். "எல்லாத்துலயும் நான்தான் இருக்கேன். ஒத்தையா."

அவர் கேமராவில் டைமரைத் தட்டிவிட்டு ஓடிவந்து கடைசியில் நுழைகிறவர். எந்தப் படத்திலும் வலது ஓரம் அவர், இடது ஓரம் அவள். சந்தேகம் தீர இரண்டு சின்னத் தட்டுகளை அவருடைய வலப்பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் வலது பாதியை மட்டும் தின்றார். ஆக, சுவரை மாற்றிப் பயனில்லை. ஒவ்வொரு படத்துக்குள்ளும் ஓர் இடப்பக்கம் இருந்தது.

"படத்தை இடம் வலமாத் திருப்பிடேன், உன்னால முடியாதா?" என்றேன்.

"ஒரு தட்டு தட்டினா திரும்பிடும். ஆனா முகத்தைத் திருப்பக் கூடாதும்மா. திருப்பினா ஆளே வேறயாயிடும். அவர்தான் எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தார்."

"படுத்திருக்கிறவருக்கு எதுக்குத் தொழில் சட்டம்? திருப்பு."

திருப்பினாள். இந்த முறை அவர் வெகுநேரம் பார்த்தார்.

"யாரு இந்தப் பொம்பளை?"

"நல்லாப் பாருங்க, உங்க சம்சாரம்" என்றேன்.

"என் பொண்டாட்டிக்கு மச்சம் வலது கன்னத்துல. லென்ஸ் வழியா ஆயிரம் தடவை பார்த்திருக்கேன், எனக்குத் தெரியாதா? எவளையோ கொண்டுவந்து நிறுத்தி ஏமாத்துறீங்களா?"

அவள் அதைக் கிழித்துக் குப்பையில் போட்டாள். பிறகு மறுபடியும் உட்கார்ந்தாள். இந்த முறை திருப்பவில்லை. ஒவ்வொரு படத்திலும் அவரை வெட்டி எடுத்துவிட்டுத் தன்னை மட்டும் வைத்தாள். கடற்கரையில் அவள், கடை வாசலில் அவள், குடையோடு அவள். ஒரு படத்தில் மட்டும் அவள் தோளில் அவர் கை மிஞ்சி நின்றது.

"இதை அழிக்கலையா?"

"ரெண்டு இழுப்பு இழுத்தா போயிடும். மனசு வரலம்மா. இருந்துட்டுப் போகட்டும்."

ஒட்டியதும் அவர் சிரித்தார். நான் அந்த வீட்டுக்குப் போனதிலிருந்து பார்த்த முதல் சிரிப்பு.

"இவதான்" என்றார். வலது கையால் படங்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே வந்தார். இடப்பக்கம் அவள் நின்றிருந்தாள். தோளில் இருந்த கையிடம் அவர் விரல் நின்றது.

"நர்சம்மா, இது என் கை. கோணல் சுண்டுவிரல் பாருங்க."

"ஆமா."

"மணிக்கட்டோட வெட்டியிருக்கா." மறுபடியும் மேலிருந்து கீழே பார்த்தார். "எல்லாத்துலேருந்தும் என்னை வெட்டி எறிஞ்சுட்டுப் போயிருக்கா. அவசரத்துல இந்தக் கை மட்டும் விட்டுப்போச்சு."

அவள் சந்துக்குள் ஓடிப்போய் அவர் எதிரில் நின்றாள். "நான்தான்யா. எங்கேயும் போகல."

"மிச்சத்தை வெட்டிட்டுப் போக வந்தியா?" என்றார்.

அதற்குப் பிறகு அவள் கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை. வந்த ஆர்டரை எல்லாம் வேறு கடைக்குத் தள்ளிவிட்டுச் சந்திலேயே நின்றாள். ஸ்டூல் போட அங்கே இடமில்லை. கால் வீங்கியது. உட்காரச் சொன்னால் கேட்கவில்லை. அவர் தூங்கி எழும்போது சில நாள் அவளைத் தெரியும், திட்டுவார். சில நாள் தெரியாது.

இரண்டாவது பக்கவாதம் ஒரு மத்தியானம் வந்து அவரைக் கொண்டுபோனது. அன்று காலையிலிருந்தே அவருக்கு நினைவு தெளிவில்லை. தன் கையைப் பிடித்திருந்தவளைப் பார்த்து, "நீங்க யாரும்மா? அவளை எங்கேயாவது பார்த்தா சொல்லுங்க, எனக்குக் கோவம் இல்லைன்னு" என்றார். "சரி, சொல்றேன்" என்றாள் அவள்.

சாவுக்கு வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு என்னிடம் கேட்டாள்: "மன்னிச்சுட்டார் இல்லம்மா? நான் செய்யாததை."

நான் கட்டில் விரிப்பை உருவி வாளியில் ஊறப் போட்டேன்.