ஒளிய இடமில்லாத பாட்டு

தேவராஜ மொஹல்லாவில் ஒரு துணிக்கடைக்கு மேலே நடந்த கிடார் வகுப்பில் ஒரு நர்ஸைச் சந்தித்தேன். எல்லோரும் அவரை சிஸ்டர் என்றே அழைப்போம். ஒல்லியான உடம்பு, இறுக்கி முடிந்த கொண்டை. கிடாரைத் தொடுவதற்கு முன் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவார். அவர் கற்க வந்தது மெதுவான ப்ளூஸ் பாட்டுகள் மட்டும். ஆஸ்பத்திரியில் ஓடிப் பழகிய கையோ எப்போதும் தாளத்துக்கு முன்னால் போய் நிற்கும்.

"ஆண்டு விழாவுக்கு வேகமான பாட்டா எடுத்துக்கலாமே சிஸ்டர்" என்றேன்.

"வேகமா வாசிச்சா தப்பு மறைஞ்சிடும் சார். இதுல ஒளிய இடமே இல்ல. எனக்கு இதுதான் வேணும்."

வகுப்பின் ஆண்டு விழாவில் நான் பேஸ் கிடாருடன் அவர் பக்கத்தில் நின்றேன். பாதிப் பாட்டில் அவர் கை தாளத்தை முந்தியது. நானும் சமாளித்துக்கொண்டு கூடவே போனேன். கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. அவர் நிறுத்திவிட்டார்.

"சொல்ப இருங்க சார், கொஞ்சம் இருங்க, அவசரப்பட்டுட்டேன். மொதல்ல இருந்து வாசிக்கலாம்" என்று என்னிடம் சொன்னது மைக்கில் எல்லோருக்கும் கேட்டது.

மறுபடி தொடங்கினார். இந்த முறை ஒவ்வொரு ஸ்வரமும் தன் நேரம் வரும்வரை காத்திருந்தது.

யாருக்கும் தெரியாத தப்பை அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டு, அந்தக் கை எப்படி அவ்வளவு நிதானமாக வாசித்தது என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.