சம்பந்திக்குத் தெரியாத பாஸ்தா

1. ஊறப்போட்ட மாஸ்டர்

பெரம்பலூரில் எங்கள் கேட்டரிங் கிச்சனுக்குள் அன்று காலை நுழைந்தபோது, சாம்பிளுக்காக வாங்கிய பாஸ்தா முழுவதும் ஒரு வாளித் தண்ணீரில் ஊறிக் கரைந்துபோயிருந்தது. பக்கத்தில் எங்கள் தலைமைச் சமையல்காரர் தங்கராசு மாஸ்டர் நிம்மதியாக வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏன் மாஸ்டர் இத ஊற வச்சீங்க?"

"நீங்கதான கொண்டக்கடலையில செஞ்சதுன்னீங்க. கொண்டக்கடலைய ஊற வைக்காம யாரு வேக வைப்பா?"

திருச்சியில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கி வந்த பாக்கெட் அது. மாஸ்டர் அந்தக் கூழில் வெங்காயம், சோம்பு, கொஞ்சம் அரிசி மாவு போட்டு வடை சுட்டுவிட்டார். வடை நன்றாக இருந்தது என்பதில்தான் எனக்கு இன்னமும் எரிச்சல்.

விஷயம் இதுதான். அரியலூரில் ஒரு கல்யாண ரிசப்ஷனுக்கு ஆர்டர் எடுத்திருந்தோம். மணப்பெண் வினோதினிக்குக் கோதுமை ஆகாது. மைதா, ரவை என்று எந்த வடிவில் ஒரு வாய் உள்ளே போனாலும் குடல் புண்ணாகி இரண்டு நாள் படுத்துவிடுவாள். மாப்பிள்ளைக்கு இது தெரியும். மாப்பிள்ளையின் அம்மாவுக்குத் தெரியாது. அந்த அம்மாதான் செட்டிகுளத்திலிருந்து போன் போட்டு, பந்தியில் கட்டாயம் பாஸ்தா கவுண்டர் வேண்டும், பெண்ணும் பிள்ளையும் மாறி மாறி ஊட்டிக்கொள்வதை போட்டோ எடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

வினோதினியின் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணே, சீக்காளிப் பொண்ணுன்னு பேராயிடும். அந்தக் கவுண்டர்ல மொத்தமும் கடலை பாஸ்தாவே போட்டுடுங்க. சம்பந்தியம்மாவுக்கு மட்டும் தெரிஞ்சுடக் கூடாது."

நானூறு பேரைச் சேர்த்து ஏமாற்றும் வேலை. மறுக்க மனம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் குஷியாகக்கூட இருந்தது.

2. டப்பாவின் பின்பக்கம்

கடலை பாஸ்தாவுக்குப் பொறுமை கிடையாது. கொதிக்கும்போது பருப்பு மாதிரி நுரை பொங்கும். கொஞ்சம் அசந்தால் குழைந்துவிடும். அதனால் சின்னச் சின்ன ஈடாகத்தான் வேக வைக்க வேண்டும். ஒயிட் சாஸில் மைதாவுக்குப் பதில் அரிசி மாவு. பரோட்டாப் பக்கம் போன கரண்டிகூட இந்தப் பக்கம் வரக் கூடாது என்று எல்லாப் பாத்திரமும் புதிதாக எடுத்தோம். வினோதினி அன்று சாப்பிடப்போவது இந்த ஒரு கவுண்டரில் மட்டும்தான். "அங்கிள், கைக்கு வர்ற பாக்கெட்டு, டப்பா எதுவா இருந்தாலும் பின்னாடி திருப்பிப் படிச்சுடுங்க" என்று போனில் சொல்லியிருந்தாள்.

ரிசப்ஷன் அன்று சாஸ் கொதிக்கும் நேரத்தில் பார்க்கிறேன், மாஸ்டர் கையில் பெருங்காய டப்பா.

"இத்தாலிக்காரன் சமையலுக்குப் பெருங்காயம் எதுக்கு மாஸ்டர்?"

"இத்தாலிக்காரன் கெடக்கறான். நானூறு பேரு கடலை தின்னா மண்டபம் என்னாவறது?"

நியாயமான கவலைதான். வாங்கித் திருப்பிப் படித்தேன். சேர்மானத்தில் கோதுமை மாவு என்று போட்டிருந்தது. இத்தனை வருஷம் கிலோ கிலோவாக வாங்கிய சாமான், ஒரு நாள் கூடத் திருப்பிப் பார்த்ததில்லை.

மாஸ்டரிடம் காட்டினேன். டப்பாவைத் தூர வைத்துவிட்டு, இஞ்சியும் பூண்டும் இரண்டு பங்காக நசுக்கிப் போட்டார். ஆனாலும் முகம் தெளியவில்லை.

3. சம்பந்தியம்மா

பந்தியில் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்தார்கள். போட்டோ எடுத்தாயிற்று. எதிரில் இருந்த சம்பந்தியம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏங்க, நான் சென்னையில சாப்புட்ட பாஸ்தா இப்படி இல்லையே. இது என்ன?"

வினோதினியின் அம்மா முகத்தில் ஈயாடவில்லை. நான் வாய்க்கு வந்ததை அளந்துவிட்டேன். "இது இத்தாலியில புதுசா வந்த ரகம்ங்க. இங்கெல்லாம் இன்னும் வரல."

வினோதினிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"கொண்டக்கடலை, அத்தை. எனக்குக் கோதுமை ஆவாது. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அம்மா இந்த அங்கிளப் பொய் சொல்ல வச்சுட்டாங்க."

சம்பந்தியம்மா ஸ்பூனைக் கீழே வைத்தார். நான் கிச்சன் வாசல் எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொண்டேன்.

"அரிசி ஆவுமா?"

"ஆவும் அத்தை."

"கம்பு, கேவுரு?"

"எல்லாம் ஆவும்."

"அப்பறம் இதுல என்ன சீக்கு? நம்ம வூட்ல தினமும் சப்பாத்தியா தட்டறோம்? சோறும் சின்ன வெங்காய சாம்பாருந்தான." பிறகு வினோதினியின் அம்மா பக்கம் திரும்பினார். "ஏன் சம்பந்தி, ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் பாஸ்தாவே கேட்டிருக்க மாட்டனே. பணியாரம் போடச் சொல்லியிருப்பேன்."

வினோதினியின் அம்மா அழுதுகொண்டே சிரித்தார்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். எந்த டப்பாவையும் திருப்பிப் படியுங்கள். சாப்பிட ஆகாததை மறைக்கச் சொன்னால், முதலில் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். பாதி வேலை மிச்சமாகும்.

தங்கராசு மாஸ்டருக்குத்தான் மனசு ஆறவில்லை. பெருங்காயம் இல்லாமல் கடலை தின்றவர்கள் கதி என்ன ஆனது என்று பார்ப்பதற்காகவே மறுநாள் முகூர்த்தத்தில் போய் உட்கார்ந்திருந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"மேளம் பலமா இருந்துச்சுங்க. ஒண்ணும் கேக்கல."