முதலாவது தெரிவு

விவசாயம் படிக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது அம்மா பல்கனியைப் பார்த்தார். எங்கள் வெள்ளவத்தை வீட்டின் மூன்றாம் மாடியில், என் பொறுப்பில் விடப்பட்ட கறிவேப்பிலைக் கன்று அங்கே காய்ந்து நின்றது. அதுவரை நான் செய்த விவசாயம் அவ்வளவுதான்.

ஏ.எல். பரீட்சைப் புள்ளிகள் வேறு வழி விடவில்லை. என் புள்ளிக்குக் கிளிநொச்சிக் கம்பஸ்தான் சரிவரும் என்றார் டியூசன் மாஸ்டர். என்னோடு படித்த கொட்டாஞ்சேனை நண்பனுக்குப் புள்ளி கூட. அவன் கேட்டால் கண்டிக் கம்பஸே கிடைக்கும். எனக்கோ தனியே போகப் பயம். ஒரு கிழமையாக அவனை அரித்தெடுத்தேன்.

"சரி மச்சான், அழாத. நானும் கிளிநொச்சியையே முதல்ல போடுறேன்," என்றான், நீர்கொழும்பைத் தாண்டி வடக்கே போயிராதவன்.

காலி வீதியில் ஒரு கொமியூனிகேசன் கடைக் கொம்பியூட்டரில் கம்பஸ் விண்ணப்பம் நிரப்பினோம். விரும்பும் இடங்களை வரிசையாகப் போட வேண்டும். அனுப்பினால் பிறகு மாற்ற முடியாது. அவன் சொன்னபடியே அனுப்பிவிட்டு, "நீ போடு, நான் ரோல்ஸ் வாங்கிட்டு வாறேன்," என்று எழுந்து போனான்.

என் மூளை வேலை செய்யக்கூடாத நேரம் பார்த்துத்தான் வேலை செய்யும். கண்டியை முதலாவதாகப் போட்டால் என்ன? கிடைக்காவிட்டால் இரண்டாவதாகக் கிளிநொச்சி இருக்கவே இருக்கிறது. யாருக்கும் நட்டமில்லை. மாற்றி அனுப்பினேன்.

"அனுப்பிட்டியா?"

"ஓம் மச்சான், உன்னை மாதிரியேதான்."

மீன் ரோல்ஸ் நாக்கைச் சுட்டது. பொய்க்கான தண்டனை அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

எனக்குக் கண்டி கிடைத்துவிட்டது. அவனுக்குக் கிளிநொச்சி.

"கொம்பியூட்டர் மாத்திப் போட்டுட்டுது," என்றேன்.

"கொம்பியூட்டருக்கும் குளிர் ஊர்தான் பிடிக்குதா?" என்று சிரித்தான். அவனை ரயிலேற்றி விடக்கூட நான் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லியனுப்பினேன். காய்ச்சலும் இல்லை.

படிப்பு முடிந்தும் அவன் கிளிநொச்சியிலேயே தங்கி, விவசாயிகளோடு வெயிலில் நிற்கிறான். நான் பட்டத்தோடு கொழும்புக்குத் திரும்பி, உரக் கம்பனி ஒன்றில் ஏ.சி.க்குள் இருந்து மழையைப் பற்றி அறிக்கை எழுதுகிறேன்.

போன மாதம் பல்கனியில் மிளகாய்க் கன்றின் இலைகள் சுருண்டன. எனக்குக் காரணம் தெரியவில்லை. வெட்கத்தை விட்டுப் படமெடுத்து அவனுக்கு அனுப்பினேன். இத்தனை வருடத்தில் முதல் செய்தி.

"இலைக்குக் கீழ பூச்சி. திருப்பிப் பாரு, பட்டதாரி," என்று பதில் வந்தது.

திருப்பிப் பார்த்தேன். இருந்தது. அந்தத் துணிவில் எழுதினேன்: "அண்டைக்கு கொம்பியூட்டர் மாத்தேல்லை மச்சான். நான்தான்."

"தெரியும். ரோல்ஸோட வரக்குள்ள கடைக் கண்ணாடியால பாத்தேன். என்டதைத்தான் நான் அனுப்பிட்டேனே."

"பிறகேன் எனக்கு ரோல்ஸ் தந்தனி?"

பதில் வந்தது:

"ரெண்டு வாங்கிட்டேனே."