நாத்தனாருக்காக வாங்கிய மாத்திரை

மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியும், தனக்கென்று சொல்லி மாத்திரை வாங்குகிறவர் அபூர்வம். அதிலும் குழந்தைக்கு முயற்சி செய்கிறவர்கள் சொந்த ஊர்க் கடைப் பக்கமே போகமாட்டார்கள். ஜெகதாப்பட்டினத்துக்காரர்கள் பஸ் ஏறி ஆவுடையார்கோவிலில் இருக்கும் எங்கள் கடைக்கு வருவார்கள். ஆவுடையார்கோவில்காரர்கள் அறந்தாங்கிக்குப் போவார்கள். அறந்தாங்கிக்காரர்கள் எங்கே போகிறார்கள் என்பது எனக்கு இன்னும் தெரியவில்லை.

நாத்தனாருக்கு

ஆண்கள் எல்லோரும் போகட்டும் என்று ஜெகதாப்பட்டினம் பஸ்ஸில் வந்த ஒரு பெண் ஓரமாக நின்றிருந்தாள். "தலவலி மாத்திரை வேணும்க்கா. நாத்தனாருக்கு. பிள்ளைக்குப் பாத்துக்கிட்டு இருக்கா" என்றாள். பாரசிட்டமால் எடுத்து வைத்தேன். தலைவலி, காய்ச்சலுக்கு இதை அளவோடு போடலாம், மற்ற வலி மாத்திரைகளைக் கேட்காமல் போட வேண்டாம், ஃபோலிக் ஆசிட் எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டு இப்போதே தொடங்குவது நல்லது என்றேன்.

பிறகுதான் பர்சிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தாள். மீன் நறுக்கும் கத்தரியால் வெட்டியதுபோல, பெயர் இருந்த பக்கம் கோணலாகப் போயிருந்தது. வலிப்பு மாத்திரை என்று அவளே சொன்னாள். நாத்தனார் புகுந்த வீட்டில் அதைச் சத்து மாத்திரை என்று சொல்லி வைத்திருக்கிறாளாம். கருவுக்கு ஆகாது என்று யாரோ சொல்லவும் நிறுத்திவிட்டாளாம். "சிலது ஆகாதுதான். ஆனா அத டாக்டர் பாத்துத்தான் மாத்தணும். தானா நிறுத்துனா வலிப்பு திரும்ப வந்துரும். இன்னைக்கே டாக்டர்கிட்ட போகச் சொல்லுங்க" என்றேன். அட்டையை மெதுவாகப் பர்சுக்குள் வைத்துக்கொண்டாள்.

"சொல்லிப் பாக்குறேன்க்கா. அவ ஒரு பிடிவாதக்காரி."

பொட்டலம்

மறுநாள் ஒரு அம்மா, பஸ் ஸ்டாண்டில் யாரிடமோ வாங்கிய சூரணத்தைப் பிரித்துக் காட்டி, பிள்ளை உண்டாவதற்கு மருமகள் இதைச் சாப்பிடலாமா என்று கேட்டார். பொட்டலத்தில் ஒரு எழுத்துகூட இல்லை. உள்ளே என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று தெரியாததைக் கொடுக்காதீர்கள் என்றேன். எனக்குப் பின்னால் இருந்த அலமாரியை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார்.

"இதுக்குள்ள எல்லாம் என்னா இருக்குன்னு மட்டும் எனக்குத் தெரியுமாக்கும்?"

கூட்டாளிக்கு

அந்த வாரமே ஐஸ் பிளான்டில் வேலை பார்க்கும் ஒருவர் வந்தார். முதுகு வலிக்குத் தைலம் வாங்கினார், வாங்கிய பிறகும் போகவில்லை. கூட்டாளியின் சம்சாரம் தினமும் போடுகிற மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டாள் என்று ஆரம்பித்தார். சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தார். அதே கோணல் வெட்டு.

எதையோ தேடுவதுபோல மேசைக்கு அடியில் குனிந்துகொண்டேன். அவள் வந்ததை இவரிடம் சொல்லவும் முடியாது, சும்மா அனுப்பவும் முடியாது. கவுண்டருக்குப் பின்னால் நின்றவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும்.

"என்ன மாத்திரைன்னு கூட்டாளிக்குத் தெரியுமா?"

"கல்யாணத்துக்கு முந்தியே தெரியும். தெரிஞ்சுதான் கட்டுனான். சொன்னா அவ கூசிப் போயிருவாளேன்னு வாயத் தொறக்கல."

"அடுப்படியில நிக்கும்போது வலிப்பு வந்தா என்னங்க செய்வாரு? இன்னைக்கே பேசி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க."

தைலத்தை எடுத்துக்கொண்டு படி இறங்கினார். பாதியில் நின்று திரும்பி வந்தார்.

"எப்படி ஆரம்பிக்கிறதுன்னு கேப்பான்க்கா, கூட்டாளி."

பெயர் உள்ள பக்கம்

அதன்பிறகு ஜெகதாப்பட்டினம் பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் இறங்குகிறவர்களை எட்டிப் பார்த்தேன். வேறு யாராவது வந்து, அந்த ஊரில் ஒரு பெண் அடுப்பில் விழுந்துவிட்டாள் என்று சொல்லிவிடுவார்களோ என்றிருந்தது.

அவளும் அவரும் பஸ்ஸில் வரவில்லை, ஒரே பைக்கில் வந்தார்கள். புதுக்கோட்டை டாக்டரின் சீட்டை அவர் நீட்டினார். வேறு வலிப்பு மாத்திரை, கூடவே ஃபோலிக் ஆசிட். பழையதைத் திரும்பத் தொடங்கி, மெதுவாகப் புதியதற்கு மாற்றியிருக்கிறார்கள். இது ஒத்துக்கொண்டதும் பிள்ளைக்குப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். இதுவரை வலிப்பு வரவில்லை.

இரண்டு பேரும் என்னை முதல்முறை பார்ப்பதுபோல நின்றார்கள். அவர் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாத்தனார் எப்படி இருக்கிறார் என்ற கேள்வி எனக்குத் தொண்டை வரை வந்தது, விழுங்கிவிட்டேன். கடைசி அட்டையில் பாதிதான் வேண்டியிருந்தது. பழக்கத்தில் பெயர் இல்லாத பாதி அவளுக்குப் போகும்படி கத்தரியை வைத்தேன். அவள் கையை நீட்டி அட்டையைத் திருப்பி வைத்தாள்.

"பேரு உள்ள பக்கமாக் குடுங்கக்கா. இது எனக்குத்தான்."

எங்கள் கடையில் மாத்திரைகள் இன்றைக்கும் நாத்தனாருக்கும் கூட்டாளிக்கும்தான் போகின்றன, பிள்ளைகள் மட்டும் அவரவருக்கே பிறக்கின்றன.