கேரட் பாத்தியில் புழு எண்ணினோம்

போன வாரம் கேத்திக்குப் போனேன். என் ஊட்டிக் கடைக்குப் பல வருடமாகக் கேரட் தருகிற பெருமாளின் தோட்டம். ஒரு கம்பெனி வருஷம் முழுக்க அவரிடம் வாங்குவதாகச் சொல்லியிருந்தது. ஒரே நிபந்தனை — நிலம் உயிரோடு இருக்கிறதா என்று அளந்து பார்ப்பார்கள்.

அளக்க நிஷா என்ற பெண் வந்திருந்தார். ஒரு மண்வெட்டி, ஒரு வெள்ளை ஷீட். ஒரு அடி மண்ணைத் தோண்டி ஷீட்டில் கொட்டி, மண்புழுக்களை எண்ண வேண்டும். அவ்வளவுதான் பரீட்சை.

முதல் குழி. ஒன்றுமில்லை. இரண்டாவது… மூன்றாவது…

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலை பத்து மணி, மழை விட்ட ஈர மண், சுற்றிலும் பச்சை. ஆனால் ஒரு பூச்சியின் சத்தம் இல்லை. கிளறிய மண்ணைக் கொத்த ஒரு குருவி வரவில்லை. அள்ளி மோந்து பார்த்தேன். மண் வாசமே இல்லை. இத்தனை வருடம் இங்கே லோடு ஏற்ற வந்தேனே, என் காது எங்கே போயிருந்தது?

“குளுருக்கு அடியில போயிருக்குமுங்க அம்மணி” என்றார் பெருமாள்.

“ஸ்வெட்டர் வாங்கிக் குடுத்திருக்கலாமே” என்றேன்.

“கம்முனு இருங்க பாய்.”

டீ கொண்டுவந்த அவர் மனைவி சரோஜா, உதவுவதாக நினைத்துச் சொன்னார். “ஊட்டுக்குப் பொறத்தால தோண்டுங்க அம்மணி. அங்க நெறைய கெடக்கும்.”

வீட்டுக்குப் பின்னால் நாலு சின்னப் பாத்தி. ஒரே வெட்டு. ஷீட் முழுக்க நெளிந்தது.

“இங்க மருந்து அடிக்கலையா?” என்று கேட்டார் நிஷா.

“இது நாங்க திங்கறதுங்க” என்றார் சரோஜா.

பெருமாளை மட்டும் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? கேரட்டில் ஒரு புள்ளி இருந்தால் திருப்பி அனுப்புகிறவன் நான்தானே?

“இதையே எழுதிக்கங்களேன் அம்மணி” என்றார் பெருமாள்.

“இல்லீங்கண்ணா. விக்கிற நெலத்தைத்தான் எண்ணணும். மருந்தைக் குறைச்சு, சாணி போட்டுப் பாருங்க. திரும்ப வந்து தோண்டறேன்.” பூஜ்யம் என்று எழுதினார்.

பெருமாளுக்குப் பொறுக்கவில்லை. ஒரு பிடி புழுவை அள்ளிவந்து கேரட் பாத்தியில் விட்டார். “இப்ப எண்ணுங்க.”

நின்று பார்த்தோம். ஒன்றுகூட மண்ணுக்குள் இறங்கவில்லை. துடித்தன. பிறகு எல்லாம் ஒரே பக்கமாக ஊர்ந்தன… வரப்பை நோக்கி.

பெருமாள் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். நிமிராமலே கேட்டார். “சாணி எத்தனை லோடு வேணுமுங்க?”

புழு வேண்டாமென்று ஓடிய மண்ணில் விளைந்ததைத்தான் ‘ஃபிரெஷ் ஊட்டி கேரட்’ என்று நான் விற்கிறேன் — நீங்களும் நன்றாகக் கழுவித் தின்கிறீர்கள்.