இருபது சொட்டு

லூர்துசெல்வியக்கா தன் வாழ்த்து அட்டைகளுக்கு அச்சு தேடிப்போனது மருந்துக் கடைக்கு. மாத்திரையை அழுத்தி எடுத்த பிறகு வெறும் குழிகளோடு தூக்கியெறிகிற அட்டை இருக்கிறதே, அதுதான் அவளுக்கு அச்சு. ஏற்காடு பஜாரில் மருந்துக் கடை வைத்திருந்த ஐயாக்கண்ணு அவள் தலையைக் கண்டதுமே கையை விரிப்பார்.

"இன்னைக்கு ஊர்ல ஒருத்தருக்கும் காய்ச்சல் இல்லீங்க. நாளைக்கு வந்து பாருங்க."

"எல்லாரும் நல்லா இருந்தா என்ற பொழப்பு என்னாவறதுங்க?"

குழிகளுக்குள் கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவத்தியைத் தேய்ப்பாள். உள்ளே ஒரு காப்பிப் பூ, அல்லது ஒரு மிளகு, அல்லது பெரணி இலையின் நுனி. மேலே ரெசின் என்கிற செயற்கைப் பிசினை ஊற்றி, இறுகியதும் தட்டினால் கண்ணாடி முத்து போல விழும். பள்ளிக்கூடத்தில் மீந்த வரைதாளை மடித்து அட்டையாக்கி, அதன் மேல் அந்த முத்துகளை ஒட்டுவாள். கிறிஸ்துமஸ், கான்வென்ட் மதர் சுப்பீரியரின் திருநாள், மாற்றலாகிப் போகிற டீச்சருக்கு வழியனுப்பு, எல்லாவற்றுக்கும் அவளிடம்தான் வருவார்கள். காப்பிப் பூ மழை பெய்து மலர்ந்தால் இரண்டு நாள்தான் வெள்ளையாக இருக்கும். அந்த இரண்டு நாளும் அவள் யாரோடும் பேச மாட்டாள். பறிப்பதும், சலித்த மணலில் புதைத்துக் காயவைப்பதுமாக இருப்பாள். ஈரம் ஒரு துளி நின்றாலும் ரெசினுக்குள் பூ பழுப்பாகிவிடும்.

அவளுக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. ஏரியில் ஒரு படகுக்கு ஓட்டை விழுந்தபோது சேலத்திலிருந்து ஆள் வந்து ஃபைபர் ஒட்டினான். ரெசின் மிச்சத்தை அவன் ஒரு கொட்டாங்கச்சியில் விட்டுவிட்டுப் போனான். மறுநாள் அது கல்லாகியிருந்தது, உள்ளே ஓர் எறும்பு, நடக்கிற காலோடு. அக்கா அதை வீட்டுக்கு எடுத்துவந்து ஒரு வாரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுத்த வாரம் சேலத்துக்குப் போய் ஒரு டப்பா ரெசினும் அதை இறுகவைக்கிற ஹார்டனர் ஒரு சின்ன பாட்டிலும் வாங்கிவந்தாள்.

அரை டீ கிளாஸ் ரெசினுக்கு எட்டு சொட்டு ஹார்டனர் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் எட்டு சொட்டு போட்டால் மூன்று நாளானாலும் விரலில் ஒட்டியது. அக்கா பத்தாக்கினாள், பதினாலாக்கினாள், கடைசியில் இருபதில் வந்து நின்றாள். காலையில் ஊற்றினால் சாயங்காலம் டக்கென்று இறுகும். ஏழு வருஷம் அதே இருபது. பேசிக்கொண்டே இருந்தாலும் அவள் கை தானாக எண்ணும்.

1986 மே மாதம், ஒரு திங்கட்கிழமை, பம்பாய் ஏஜெண்டிடமிருந்து எனக்குத் தந்தி வந்தது. மஸ்கட் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, வியாழக்கிழமை சாயங்காலம் சேலத்தில் ரயில் ஏற வேண்டும். என் அம்மா தெரசம்மாள் அன்றைக்கே ஜெபப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

புத்தகத்துக்குள் அப்பாவின் முகம் இருந்தது, தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிதாக. என் அப்பா மரியஜோசப் எஸ்டேட் லாரி ஓட்டியவர். எனக்கு மூன்று வயதில் இறந்துபோனார். காப்பிப் பழம் உரிக்கிற புதுக் கொட்டகை திறந்த அன்று எஸ்டேட் ஆட்களை நிறுத்தி எடுத்த ஒரே படம் அது. கரையான் தின்றது போக மிஞ்சியதை அம்மா கத்தரித்து வைத்திருந்தாள். அந்த முகம் வேறெங்கும் கிடையாது. கல்யாணத்துக்குக்கூட அவர்கள் படம் எடுக்கவில்லை.

"இதை ஓர் அட்டையில வெச்சுக் கண்ணாடி மாதிரி ஊத்திக் குடு செல்வி. கடல் காத்து ஊருங்கறாங்க, காகிதம் தாங்காது."

அக்கா அதைத் தொடவில்லை. குனிந்து பார்த்தாள்.

"ஒண்ணே ஒண்ணுதானுங்களா தெரசக்கா?"

"ஆமா."

"ஸ்டுடியோவுல ஒரு காப்பி எடுத்துட்டு வாங்க, அப்பறம் ஊத்தறேன்."

"ஸ்டுடியோக்காரன் மகளுக்குக் கல்யாணம், பூட்டிக் கெடக்குது. சேலத்துல கேட்டா நாலு நாள் ஆவுமாம்."

"அப்போ உங்களுக்கு? இது போயிட்டா நீங்க எதைப் பாப்பீங்க?"

"நான் தெனமும் பாத்தவ. இவளுக்கு அவரு மொகம் ஞாபகமே இல்ல. எடுத்துட்டுப் போவட்டும்."

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். அக்கா முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் ஏற்கெனவே படத்தை உள்ளங்கையில் ஏந்தி வெளிச்சத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தாள். "செய்யறேனுங்க" என்றாள். படத்தின் இரண்டு பக்கமும் மெல்லிசாகக் கோந்து பூசிக் காயவைத்தாள். அப்படிப் பூசாவிட்டால் ரெசின் காகிதத்துக்குள் இறங்கி முகம் எண்ணெய்த் தாள் மாதிரி ஆகிவிடும்.

செவ்வாய் காலையிலிருந்து மழை. மூட்டம் வாசற்படி ஏறி வீட்டுக்குள் வந்து நின்றது. அக்கா சோதனைக்கு நாலு மாத்திரைக் குழியில் ஊற்றிப் பார்த்தாள். சாயங்காலம் பிசுபிசுத்தது. புதன் மத்தியானமும் பிசுபிசுத்தது. விரலை வைத்து எடுத்தால் நூல் வந்தது. இந்த ஈரத்தில் அப்பாவை உள்ளே வைத்தால் மங்கிப் பால்நிறமாகிவிடும் என்றாள். அன்று ஏழெட்டு முறை நான் அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடந்தேன்.

"சுத்திச் சுத்தி வராத கண்ணு, எனக்கு மயக்கமா வருது. நாளைக்கு நானும் கூட வர்றேன். கீழ போனா வெயிலு காயும். உங்க மாமன் ஊட்டுலயே ஊத்திக் குடுத்துடறேன்."

வியாழன் காலை முதல் பஸ்ஸில் மூன்று பேரும் இறங்கினோம். ரெசின் டப்பாவைத் துண்டில் சுற்றி அக்கா மடியில் வைத்திருந்தாள். ஹார்டனர் பாட்டில் தனியாக என் பையில். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் சாயும்போதெல்லாம் அவள் டப்பாவைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டாள். கண்டக்டர் மூக்கைச் சுருக்கிக்கொண்டு வந்தார்.

"என்னாங்க இது, பெட்ரோலா?"

"மருந்துங்க."

"எதுக்கு?"

"வாழ்த்து அட்டைக்குங்க."

"அட்டைக்கெல்லாம் சீக்கு வருதா இப்போ?" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஜெபப் புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

சிங்கராயர் மாமா, அம்மாவின் அண்ணன், ரயில்வேயில் வேலை. சூரமங்கலத்தில் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே வீடு. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒன்பதரை. "மாடிப்படியில கால வெக்காதீங்க, வெயில்ல காஞ்சு கெடக்குது, கொப்புளம் வந்துரும்" என்றார் மாமா. அக்கா படிக்கட்டின் கீழ் நிழலான இடம் பார்த்து ஒரு பலகையைப் போட்டாள். பவுடர் டப்பா மூடியில் மெழுகு தேய்த்தாள். கிளாஸில் ரெசின் ஊற்றிச் சொட்டு எண்ணினாள். இருபது.

முதல் படலம் மெல்லிசாக ஊற்ற வேண்டும், முகம் அதன் வழியாகத்தான் தெரியும். ஊற்றிவிட்டுக் கிளாஸில் மிஞ்சியதை வாசல் மண்ணில் கவிழ்த்தாள். உட்கார்ந்து ஒரு வாய் காப்பி குடிப்பதற்குள் அது இறுகிவிட்டது. அக்கா விரலால் தட்டிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்ததை மூன்று நாளில் அப்போதுதான் பார்த்தேன்.

"பாத்தீங்களா தெரசக்கா! ஏழு வருஷமா நான் சாயங்காலம் வரைக்கும் காவல் காக்கறேன். இங்க நிமிஷமா ஆவுது. நல்ல ஊருங்க உங்க அண்ணன் ஊரு."

எங்களில் ஒருவருக்கும் எதுவும் உறைக்கவில்லை. இருபது சொட்டு மலைக் குளிருக்கான கணக்கு; அவள் அதற்கு முன் ஒரு தடவைகூட மலைக்குக் கீழே ரெசின் ஊற்றியதில்லை.

அப்பாவை முகம் குப்புற வைத்தாள். சின்ன இடுக்கியால் ஓரங்களை அழுத்தினாள். இரண்டாவது படலம் கனமாக இருக்க வேண்டும், முக்கால் கிளாஸ். கை தன் கணக்கில் எண்ணியது, அரை கிளாஸுக்கு இருபதென்றால் முக்காலுக்கு முப்பது. கலக்கினாள், ஊற்றினாள், "சேசுவே" என்று நிமிர்ந்தாள். அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

முதலில் வாசனைதான் மாறியது, மூக்கைக் குத்துகிற மாதிரி. பிறகு மூடியின் மேல் ஆவி.

"ஏன் செல்வி, பொகையுது?" என்றாள் அம்மா.

அக்கா மூடியின் பக்கவாட்டைத் தொட்டாள். கையை வெடுக்கென்று எடுத்தாள். கிளாஸில் ஒட்டியிருந்த மிச்சம் தேன் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. மூடியின் ஓரத்தில் டிக் என்று ஒரு சத்தம். மயிரிழை மாதிரி ஒரு வெள்ளைக் கோடு உள்ளுக்குள் கிளம்பி அப்பா இருந்த இடத்தைப் பார்த்து நகர்ந்தது. ஊற்றியது அதற்குள் கெட்டித் தயிர் மாதிரி உறைந்திருந்தது. தண்ணியில் வை என்று மாமா கத்தினார்.

"தண்ணியா? சில்லுச் சில்லாப் போயிரும்!"

இன்னொரு டிக். அக்கா மூடியை இடது கையால் அழுத்திப் பிடித்தாள். வலது கை விரல்களை உள்ளே விட்டாள். வெறும் விரலால் அந்தக் கொதிக்கிற தயிரைத் தோண்டித் தோண்டிச் சுவரில் எறிந்தாள். ஒவ்வொரு தடவையும் "ஸ்ஸ்" என்று பல்லுக்கிடையில் மூச்சை இழுத்தாள், ஆனால் நிறுத்தவில்லை. நான் நர்ஸ். அவள் கையைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. தோண்டி முடியட்டும் என்று நின்றேன்.

காகிதத்தின் முதுகு தெரிந்தது. மூடியைக் கவிழ்த்துத் தட்டினாள். அந்த மெல்லிய முதல் படலம் அப்பாவோடு பலகையில் விழுந்தது. அம்மா குனிந்தாள். ஓரத்திலிருந்து கிளம்பிய விரிசல் சட்டைக் காலருக்குக் கீழே வந்து நின்றிருந்தது. முகத்தில் ஒன்றுமில்லை. முதுகில் மட்டும் சோற்றுப் பருக்கை மாதிரி ரெசின் திட்டுகள்.

அதற்குப் பிறகுதான் அக்காவின் கையை வாளித் தண்ணீருக்குள் வைத்தேன். மூன்று விரல் நுனியும் வெளுத்துச் சுருங்கியிருந்தன. அவள் கையைப் பார்க்கவே இல்லை.

"இதை நான் குடுக்க மாட்டேங்க" என்றாள். "முதுகு மூடல, ஓரம் வெடிச்சிருக்குது, மஞ்சளும் பாய்ஞ்சிருக்குது. லூர்துசெல்வி செஞ்சதுன்னு இது ஊர் தாண்டிப் போவக்கூடாது."

"மொகம் இருக்குது."

"எனக்குக் கேவலம்ங்க."

"முதுகை யாருடி பாக்கப் போறா?" என்றாள் அம்மா. "அவரு இருந்தப்பவும் யாரும் முதுகைப் பாக்கல. ஒட்டு."

அட்டை முன்பே தயாராக இருந்தது. நடுவில் ஒரு வெற்றிடம், அதைச் சுற்றி மாத்திரைக் குழியில் வார்த்த ஒன்பது காப்பிப் பூ முத்துகள். அக்கா இடது கையால் பசை தடவினாள். கோணலாகத்தான் ஒட்டியது. அதற்கும் திட்டிக்கொண்டாள். பிறகு அட்டையை மூடி, நூலால் கட்டி, என்னிடம் கொடுத்தாள்.

"நாளைக்குக் காலையில வரைக்கும் தொறக்காத சாமி. உள்ள சூடு நின்னுச்சுன்னா கோடு இன்னும் ஓடும். தொட்டு அசைச்சா வேகமா ஓடும்."

"ஓடினா?"

அவள் கையைத் திரும்ப வாளிக்குள் விட்டாள்.

சாயங்காலம் ரயில் ஏறினேன். அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாப்பாட்டைப் பற்றியே பேசினாள். அக்கா ஈரத்துணி சுற்றிய கையை மார்போடு வைத்துக்கொண்டு என் கைப்பையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி நகர்ந்த பிறகு அட்டையைத் தொட்டேன். இன்னும் இளஞ்சூடாக இருந்தது. அது ரெசினின் சூடா, என் மடியின் சூடா என்று தெரியவில்லை. திறந்து பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் பயம். பாலத்தில் வண்டி அதிரும்போதெல்லாம் பையைத் தூக்கி அந்தரத்தில் பிடித்தேன். எதிரில் இருந்த பெண், "உள்ளே முட்டையா?" என்று கேட்டாள்.

காலையில் ஏதோ ஒரு ஆந்திர ஸ்டேஷன். வெளிச்சம் நன்றாக வந்த பிறகு நூலை அவிழ்த்தேன். அப்பா இருந்தார். நெற்றி, இரண்டு கண், மீசை, சிரிக்கலாமா வேண்டாமா என்கிற அந்த வாய். நான் அவரை வெயிலில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

பையில் இருந்த தபால் கார்டை எடுத்து முகவரி எழுதினேன். அம்மாவுக்கு அல்ல, லூர்துசெல்வியக்காவுக்கு. கீழே இரண்டே வரி: "கோடு நகரவில்லை. அப்பா சுகம்." டீ விற்கிறவரிடம் கொடுத்துப் பெட்டியில் போடச் சொன்னேன். போடுவாரா என்று அதற்கும் கவலைப்பட்டேன்.

போட்டிருக்கிறார். மஸ்கட்டுக்கு அம்மா எழுதிய முதல் கடிதத்தில் இருந்தது. கார்டைக் கையில் வாங்கியதும் அக்கா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாளாம். இரண்டு தரம் படித்தாளாம். பிறகு கட்டுப்போட்ட விரலால் கார்டைத் திருப்பிக் காட்டி அம்மாவிடம் கேட்டாளாம்:

"கோடு நின்னுதுன்னு எழுதியிருக்கறா, சரிங்க. இன்னும் மஞ்சளாவுதா இல்லியான்னு ஒரு வார்த்தை எழுதுனா என்னங்க இந்தப் புள்ள?"